வாசலில் வைத்த பெட்டி

காலை ஆறரை. நண்டுக் கம்பெனி வாசலில்
நீலப் பிளாஸ்டிக் பெட்டி.
போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும்.
நாற்பத்து மூன்று போன்கள்.
தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்குத் துணி,
முழங்கை வரை குளோரின் தண்ணீர்.
அவித்த நண்டுக்கு முன்னால்
மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே முகம்.

அன்றைக்கு அக்கரையில் வாக்கு எண்ணுகிறார்கள்.

ஏழு மணிக்குப் பெட்டி துடித்தது.
முதலில் ஒன்று. பிறகு நாலைந்து.
அவிக்கக் கொண்டுவந்த கூடையில்
உயிரோடு கிடக்கிறவை
ஒன்றின் மேல் ஒன்று ஏறுமே, அந்தச் சத்தம்.
கேம்ப் ஆட்கள் நாங்கள் பன்னிரண்டு பேர்
கத்தியை நிறுத்தாமல்
காதை மட்டும் வாசலில் வைத்தோம்.

சுகந்தினியின் அண்ணன் மன்னாரில்.
அவனுக்குத்தான் போட்டிருப்பான்,
எரிபொருள் வரிசை ஒழிந்தது அவனாலே என்று.
யோகராணியின் தகப்பன்
காணாமல் போனவர்களின் பட்டியலில்.
அவள் அவனை 'அவன்' என்றுகூடச் சொல்லமாட்டாள்,
'அது' என்பாள்.
இருவருக்கும் ஒரே மேசை, எதிரெதிரே.
மூன்று நாளாய்ப் பேச்சில்லை.
ஐஸ் வேண்டுமென்றால் என் வழியாகக் கேட்கிறார்கள்.

நான் இங்கேதான் பிறந்தேன், தகரக்கூரைக்குக் கீழே.
அங்கேயும் ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை.
முப்பத்திரண்டு வயதில்
என் விரலில் மை பட்டது ஒரே தடவை,
ஐந்தாம் வகுப்பில் பேனா உடைந்து.
ஆனாலும் அன்று வயிற்றைக் கலக்கியது.
ஏனென்று கேட்காதீர்கள்.

செலஸ்டினாதான் வாய்விட்டுக் கேட்டாள்:
"உங்க ஜனாதிபதி செயிச்சா
எம் புருசனை விட்டுருவானா?"
பாம்பன்காரி. அவள் ஆள் படகோடு பிடிபட்டு
ஐந்து மாதம், யாழ்ப்பாணச் சிறையில்.
எங்க ஜனாதிபதி.
சதையில் ஓட்டுத்துண்டு கிடக்கிறதா என்று
விரலால் நெருடிப் பார்ப்பதுபோல
அந்தச் சொல்லை நெருடிப் பார்த்தேன்.

போன வருசம் டெல்லிக்காக இவர்கள் அடித்துக்கொண்டபோது
நான் 'உங்க பிரதமர்' என்று சொல்லிவிட்டேன்.
"அரிசி மட்டும் எங்களுதில்லையாக்கும்?"
என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள்.
ரகுமத் நிசா சிரிக்கவில்லை.
பிறந்த ஊரிலேயே அவளிடம்
'உங்க ஆளுங்க' என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

பத்தரை டீக்கு
வாட்ச்மேன் தலையை மட்டும் நீட்டினான்:
"உங்க ஆளு வந்துட்டாராம்ல!"
எந்த ஆளென்று சொல்லாமல் போய்விட்டான்.
பெட்டியைத் தொட அனுமதியில்லை.
ஆக, பன்னிரண்டு மணிவரை
எங்களுக்கு இரண்டு ஜனாதிபதிகள் இருந்தார்கள்.
சுகந்தினி ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.
யோகராணி தன் பங்கு ஐஸை
எதிர்ப்பக்கம் தள்ளிவைத்தாள்.
இருவரும் ஒரே நேரத்தில் சந்தோசமாயிருந்து
நான் பார்த்த ஒன்றரை மணி நேரம் அது.

பிறகு எடை.
"ஓட்டுத்துண்டு கிடக்கு" என்று
தட்டுக்கு முந்நூறு கிராம் கழித்தார் சூப்பர்வைசர்.
செலஸ்டினா கையுறையைக் கழற்றினாள்.
"நம்ம மேசையில ஒரு துண்டு காட்டுங்க பாப்போம்."
நம்ம என்றாள்.
அவள் கவனித்துச் சொல்லவில்லை.
நூற்றைம்பது கிராம் திரும்ப வந்தது.

நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள்.
யோகராணி பார்த்தாள்,
போனைக் கவிழ்த்துப் பைக்குள் போட்டாள்.
சுகந்தினிக்கு அழைப்பு வந்தது.
அந்தப் பக்கம் வெடிச்சத்தம், அண்ணனின் கத்தல்.
"பிறகு கதைக்கிறன்" என்று பாதியில் வெட்டினாள்.
செலஸ்டினா என் போனை வாங்கி
அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்,
மீன் வாங்குமுன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
ஒன்றும் சொல்லவில்லை.

சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம்.
பாலத்துப் பக்கமிருந்து காற்று, உடம்பெல்லாம் நண்டு வாடை.
"பத்து ரூபா குறையுது, அவளிட்டக் கேள்"
என்றாள் சுகந்தினி என்னிடம்.
"இருக்கெண்டு சொல்" என்றாள் யோகராணி என்னிடம்.
ஒரு முழ தூரம்கூட இல்லை.
நோட்டை நான் வாங்கி நான் கொடுத்தேன்.