பத்து டிகிரி

ஏப்ரல் முழுக்கக் குளிர்.
மே மூன்றாம் தேதி
வேல்ஸ் மலைச்சரிவில் சட்டென்று வெயில்.
கோட்டைக் கழற்றி வேலியில் போட்டாள் ஹெலெத்.
அதே வெயிலில்
ஒரு பனிக்காலம் புல்லடியில் படுத்திருந்த முட்டைகளும்
ஓடு திறந்தன,
சொல்லிவைத்தாற்போல்.

போன வருடக் குட்டிகள் போட்டுவிட்டுப் போனவை.
அந்தக் குட்டிகள் செப்டம்பரில் லாரி ஏறின.
எவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மேசையிலோ
புதினாச் சாறோடு தீர்ந்தன.
சொத்து மட்டும் இங்கே,
கல்மதிலுக்கு உள்ளே,
இந்த வருடக் குட்டிகளின் பேரில்.

பதினைந்தாம் நாள்
பின்தொடையெல்லாம் பச்சைத் தண்ணீர்.
ஓடைக்கரையில் ஏழு குட்டிகள்
குடிக்கின்றன, குடிக்கின்றன,
குடித்தது அப்படியே போகிறது.
பக்கத்தில் தாய்கள் மேய்கின்றன, ஒன்றும் ஆகாமல்.
தின்றது இரண்டும் ஒரே புல்தான்.

போனில் டாக்டர் மெரெரிட்:
"கண்ணாடிக்கடியில் முட்டை ஒன்றுகூட இல்லை."
"அப்போ புழு இல்லையா?"
"இருக்கு. முட்டையிடும் வயசு வரவில்லை அதற்கு.
கொல்லும் வயசு வந்துவிட்டது.
வெள்ளை மருந்து போதும். இன்றைக்கே.
எடை போட்டுக் கொடு, கண்மதிப்பு வேண்டாம்.
ரத்தம் தெரிந்தால் கூப்பிடு, அது வேறு கதை."

பதினாறு கிலோ. பதினெட்டு. பதினொன்று.
முழங்காலிடையில் இடுக்கி,
கடைவாயோரம் பல்லில்லாத சந்தில் குழாயை விட்டு,
நாக்கின் முதுகைத் தாண்டி
அழுத்து.
விழுங்கியதா, தொண்டையில் விரல்.
நெற்றியில் நீலக் கோடு.
அடுத்தது.
நூற்றுப் பன்னிரண்டு தடவை அடுத்தது.

நல்ல பச்சையாய் இருக்கிறதே என்று
கீழ்வயல் கதவைத் திறந்துவிட்டது அவள்தான்.
எம்லின் அதைச் சொல்லவில்லை.
ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தான்.
சொல்லியிருந்தால் தேவலை.

விடிந்தபோது பதினொரு கிலோக்காரி எழவில்லை.
கால்கள் ஓடுவதுபோல் நீட்டியபடி.
இரவு இன்னொன்றும் போனது,
அது நன்றாய்த்தான் இருந்தது.

மற்றவை மேல்வயலில்.
போன வருடம் வைக்கோலுக்கு விட்ட நிலம்,
ஒரு குட்டியும் கால் வைக்காதது.
நாலாம் நாள் ஒரு வால் காய்ந்திருந்தது.
அதைப் பார்க்க மூன்று முறை போய்வந்தாள்.
சட்டைக் கையில் இன்னும் வெள்ளைக் கறை,
சுண்ணாம்பு வாசனை.

கொட்டகைச் சுவரில் நீலக் கட்டியால் எழுதினாள்:
கீழ்வயல். மே. குட்டி கூடாது.
கதவைக் கயிற்றால் கட்டினாள்.

கயிற்றுக்கு அந்தப்பக்கம்
மழை நின்ற கீழ்வயல்,
யாரும் மேயாமல்,
எல்லா வயலையும்விடப் பச்சையாய்.