பக்கம் ஒன்பது

பதினான்கு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன்.
ஒச்சப்பன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்,
கட்டுக்குள் ஆறாத சர்க்கரைப் புண்.
செக்கானூரணியிலிருந்து முதல் பஸ்,
ரத்தம் எடுக்கிறவரை பச்சைத் தண்ணிதான்.
கேமரா ஓடுகிறது என்றதும் தலையை ஒதுக்கிக்கொண்டார்.

பாதிப் பேருக்குப் புதுக் களிம்பு,
பாதிப் பேருக்கு மருந்தில்லாத களிம்பு.
கழுவிக் கட்டுவது எல்லாருக்கும் உண்டு.
உங்களுக்கு எதுவென்று எனக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது.

நம்பாமல் பார்த்தார். பிறகு அவராகவே,
"பூக்கட்டிப் போடுற மாதிரின்னு சொல்லு தாயி.
வெள்ளையா செவப்பான்னு
எடுக்குற பிள்ளைக்குத் தெரியக் கூடாது."
மூன்று நாள் பயிற்சியில்
யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை.

"அங்கன உடனே பிரிச்சுப் பாத்துருவோம்."
இங்கே பிரிக்க இரண்டு வருஷம் ஆகும்.
"அடேயப்பா."

ஒன்பதாம் பக்கம்:
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை,
வழக்கமான வைத்தியம் நிற்காது.
"அத மறுக்கா படி."
படித்தேன்.
"இன்னொருக்கா."
வெளியே யாருக்கோ காத்திருந்த எல்ஐசி ஏஜென்ட் சாட்சி.
கட்டைவிரலில் நீலம்.

ஆறு முறை வந்தார்.
பஸ் காசுக்கும் ரேகைதான்.
புண் அரை சென்டிமீட்டர் சுருங்கியிருந்தது,
அளந்தது நான்,
அதற்கு என்ன அர்த்தமென்று கேட்டார்,
எனக்கும் அதே கேள்வி.

ஏழாவதுக்கு வரவில்லை. போன் போட்டேன்.
பின்னால் ஆட்டுச்சந்தை இரைச்சல்.
"ஒம்பதாம் பக்கம், தாயி,"
வைத்துவிட்டார்.

விலகியதன் காரணம் என்ற கட்டத்தில்
'கூறவில்லை' என்றெழுதித் தேதி போட்டேன்.
கோரிப்பாளையத்துக் குளிர்பெட்டியில்
அவருடைய ஏழாவது குழாய்,
பிரிக்காமல்.