மூன்று விநாடி

புதுவயல். அரிசி ஆலைகளின் தவிட்டு வாசம்
லாட்ஜ் அறை ஏழு வரைக்கும் வருகிறது.
கட்டில் முழுக்க வாக்காளர் பட்டியல்.
பேச்சு எழுதுகிறவன் நான்,
குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

பிரணவேஷ் சென்னையிலிருந்து வந்தவன்.
மடிக்கணினியில் ஓர் அமெரிக்க வேட்பாளரை
ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடுகிறான்.
கறுப்பு வெள்ளை பற்றிப் பேசுகிறாராம்.
"கேக்காதீங்க சார், பாருங்க.
இந்தா, இங்க நிறுத்துறார்.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
தண்ணி குடிக்கல, பேப்பரப் பாக்கல.
இந்த மூணு செகண்டுலதான்
ஒரு மாகாணமே சாயுது."

தொட்டி மீனுக்குப் போல
வாய் மட்டும் திறந்து மூடியது அந்த மனிதருக்கு.
என்னதான் சொன்னார் என்று கேட்டேன்.
"அது முக்கியமில்ல."

இனம் வருகிற இடத்தில் சாதி என்று போடச் சொன்னான்.
இரண்டு இரவு எழுதினேன்.
பதினொரு தடவை வந்திருந்தது அந்தச் சொல்.
வேட்பாளர் உடையப்பன் அண்ணன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
பென்சிலால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார்.
பெரிய தெருவுக்கு "நம்ம பாரம்பரியம்".
சாக்கோட்டை விலக்குக்கு "நம்மாளுக".
காலனிக்கு "அன்பு உறவுகளே".
மிச்சமிருந்த ஒன்றும் "எல்லாரும்" ஆகிவிட்டது.
எத்தனை பேர் ஏறினாலும்
இன்னும் உள்ளே போ, உள்ளே போ என்கிற சொல்.
டவுன் பஸ் தோற்றது.

ஞாயிறு சாயங்காலம் காலனியில் பேச்சு.
வேனில் நின்றபடி நன்றாகவே பேசினார்.
சோடியம் விளக்குக்குக் கீழே, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி
(மாரிக்கண்ணு, பிறகு விசாரித்தேன்)
கையைத் தூக்காமலே கேட்டாள்:
"பொணத்தக் கம்மாக்கரை சுத்தித்தான் தூக்கிட்டுப் போறோம்.
ஐப்பசியில எங்க மாமனாரு
இடுப்பளவு தண்ணியில போனாரு.
பெரிய தெரு வழியாப் போனா பத்து நிமிசம்.
நீங்க ஜெயிச்சா எந்த வழிங்கய்யா?"

அண்ணன் நிறுத்தினார்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
பிரணவேஷ் என் முழங்கையைக் கிள்ளினான்:
"அச்சு அசல், சார்!"
நான்கு. ஐந்து.
எட்டு வரைக்கும் எண்ணினேன்.
யாரோ ரேடியோ செட்காரனுக்குக் கை காட்ட
கட்சிப் பாட்டு வந்து எல்லாவற்றையும் மூடியது.
அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ராத்திரி பட்டியலை அடுக்கும்போது பார்த்தேன்.
மஞ்சள், ரோஸ், பச்சை.
பாகம் நாற்பத்தொன்று, வரிசை அறுநூற்றுப் பன்னிரண்டு:
தகப்பனார் பெயரோடு நான்.
என் தெரு முழுக்கப் பச்சை.
பச்சைன்னா என்ன தம்பி?
பேனாவை மூடிக்கொண்டே சொன்னான்:
"அது தானா வந்துரும் சார்.
அங்க பேச்சே தேவையில்ல."

வாளியை நிமிர்த்திக்
குழாயடியில் வைத்தேன்.
காலையில் யாராவது குளிக்க வேண்டுமே.