கேட்டால் அழுத்தவும்

பஞ்சு ஒட்டிய சின்ன அறைக்குள் உட்காரவைத்து
கதவைச் சாத்தினாள் பிரயனி.
கையில் ஒரு பொத்தான்.
எவ்வளவு மெல்லிய சத்தமானாலும் சரி,
கேட்டால் அழுத்துங்கள், மிசஸ் ஆக்ஸ்டபி.

மெல்லியதைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஹல் துறைமுகத்தின் மீன் கிடங்கில்
முப்பத்தொரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன்.
பழியை அதன்மேல் போட்டுவிடலாம்,
படிவத்தில் அதற்கொரு கட்டம்கூட இருக்கிறது.
ஆனால் குற்றவாளிகளை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

முதலில் வெட் மேட்சஸ்.
நனைந்த தீக்குச்சிகள்; பெயருக்கேற்ற மாதிரி
ஒரு பாட்டும் ஒழுங்காகப் பற்றியதில்லை.
கிட்டாரில் மூன்று பிடிகள் தெரியும்,
நாலாவதைக் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார்கள்.
எண்பத்தொன்று, நவம்பர், மதுக்கடை மாடி.
ஸ்பீக்கருக்குள் பாதித் தலையை விட்டபடி நின்றேன்.
பதினைந்து வயது.
டெரன்ஸ் கத்தியபோது தெறித்த எச்சில்
என் நெற்றியில் விழுந்தது.
இரண்டு நாள் முகம் கழுவவில்லை.
சிரிக்காதே,
உனக்கும் இருக்கும் அப்படி ஏதாவது.

இப்போது ஏதோ கேட்டதா?
அழுத்தினேன். பொய்யாகவும் இருக்கலாம்.

பிறகு ஸ்லிப்வே சிஸ்டர்ஸ்.
ஆற்றுக்கு அக்கரை, கிரிம்ஸ்பியிலிருந்து மூன்று பெண்கள்,
பகலில் மீன் துண்டுகளை ரொட்டித்தூளில் புரட்டுவார்கள்.
அம்மா கோபத்தைப் பாத்திரங்களிடம் மட்டும் காட்டுவாள்.
இவர்கள் அதை ட்ரம்மில் காட்டினார்கள்,
முடிந்ததும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.
அப்படியும் செய்யலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.
ஒரே ஒரு கேசட், இருநூறு பிரதி.
என்னிடம் இரண்டு: ஒன்று தேய, ஒன்று இருக்க.

நவம்பர் லாண்ட்ரியை எனக்கு முதலில் பிடிக்கவேயில்லை.
லீட்ஸ் பையன்கள்,
ஷூவைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள்,
துணி சுற்றும் எந்திரம் போல ஒரு கிட்டார்.
நெவிலுக்காகப் போனேன்.
பிடிக்கும் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே
பிடித்துப்போனது.
பல் டாக்டரின் நர்ஸோடு நெவில் போனான்,
வேனும் போனது,
குழு என்னிடம் தங்கிவிட்டது.
விவாகரத்துப் பத்திரத்தில் அதைப்பற்றி ஒரு வரியுமில்லை.

மைதானங்களை நிரப்பிய இன்னொரு குழுவும் உண்டு.
எல்லோரும் கண் கலங்கக் கேட்டார்கள்.
நான் சிப்ஸ் வாங்கப் போனேன்.

காது கொடுத்துக் கேள் என்பார்கள்.
நான் நிஜமாகவே கொடுத்துவிட்டேன்,
அதிகமாக இடதை.

கதவு திறந்தது. காகிதத்தில் ஒரு கோடு,
படகை இறக்கும் சரிவு மாதிரி
நேராகத் தண்ணீருக்குள் போகிறது.
உச்சத்தில் இருப்பதெல்லாம் போய்விட்டது என்றாள்:
பறவைகள், குழந்தைகளின் குரல்,
எஸ் மாதிரி எழுத்துகள்.
சிம்பல்? என்றேன். அதுவும்.
டெரன்ஸின் கத்தல்? அவளுக்குப் புரியவில்லை.

அடியில் இருப்பது அப்படியே இருக்கிறதாம்.
அப்படியானால் மிச்சம் இருப்பவள்
ஸ்லிப்வே சிஸ்டர்ஸின் பேஸ்காரி, மேவிஸ்.
எப்போதும் இருட்டில், சுவரோடு சாய்ந்து நிற்பவள்.
அவள் வாசித்தது ஒருநாளும் தனியாக என் காதில் விழுந்ததில்லை.
முந்தாநாள் இரவு கேசட்டைப் போட்டேன்.
மற்றவர்களெல்லாம் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்,
அவள் மட்டும் என் சமையலறையில்.
நாற்பத்து நாலு வருடம் கழித்து
என் வரிசையில் முதலிடம் மாறுகிறது.

காரணம்: வேலையிடச் சத்தம்,
என்று தட்டிக்கொண்டிருந்தாள் பிரயனி.
அடித்துவிடு என்றேன்.
பெயர்களைச் சொன்னேன்.
முதலில் சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டு
ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

எந்தப் பட்டியலிலும், எந்தப் பத்திரிகையிலும்
ஏறாத பெயர்கள்.
அரசு மருத்துவமனைக் கணினியில்,
நோய்க்காரணம் என்ற கட்டத்துக்குள்,
முதல்முறையாகப் பதிவாகிறார்கள்.

மேட்சஸ், கடைசியிலும் ஒரு எஸ் உண்டு,
விட்டுவிடாதே என்றேன்.

அந்த எஸ் எனக்கே கேட்கவில்லை.