வழக்குக் கட்டில் முளைத்தது

வக்கீல் ஆபீஸ் பரணில்
பதினேழு வருசம் கிடந்த கட்டு.
பவானி முன்சீப் கோர்ட். பொதுக்கிணறு.
வாரத்தில் இரண்டரை நாள் மோட்டார் முறை.
வாதி என் அப்பா.
பிரதிவாதி அவருடைய பெரியப்பன் மகன்.

அவிழ்த்தபோது ஓடு ஒழுகிய மூலையில்
கறுப்பு, பச்சை என்று ஏறியிருந்தது பூசணம்.
நடுவே வெளிறிய சாம்பலில் ஒன்று.
அதைச் சுற்றி மட்டும்
ஒரு விரற்கடை காகிதம் சுத்தம்.
கிஸ்து ரசீதின் எண்கூடப் படிக்க முடிந்தது.

"நகல் வேணுங்களா?" என்றார் குமாஸ்தா.
நான் பஞ்சுக்குச்சியில் ஒற்றி எடுத்து வந்தது
வேறு.

*

கோயமுத்தூரில் எங்கள் ஆய்வகம்.
இருபத்தைந்து டிகிரி, நிமிடத்துக்கு நூற்றி இருபது ஆட்டம்.
குடுவைக்குள் அது வளர்வது
மில்லுக் கழிவுப் பஞ்சை ஊறப்போட்டதுபோல் இருக்கும்.
ஐந்தாம் நாள் இழைகளை வடித்து எறிவோம்.
இழை எதற்கு?
அது துப்பிய தண்ணீர்தான் வேண்டும்.

உப்புப் போட்டுப் படியவைத்து,
சவ்வுப் பையில் முடிந்து,
குளிர் அறையில் ராத்திரி முழுக்க அலசி,
பிசின்மணி நிரப்பிய குழாயில் விட்டால்
நேர்மின் ஏறிய சின்னப் புரதம்
அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும், விடாது.
கரிக்கக் கரிக்க உப்புநீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும்.

ஒன்பது லிட்டருக்கு ஆறு மில்லிகிராம்.

குடுவை கழுவும் வெள்ளியங்கிரி
முன்னே திருப்பூர் சாயப்பட்டறையில் இருந்தவர்.
குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இத்தன தொவச்சும் இம்புட்டுத்தானுங்களா சாயம்?"

இம்புட்டுத்தான்.
ஐம்பத்தெட்டு அமினோ அமிலம், மூன்று கந்தக முடிச்சு.
கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தேன்.
முடிச்சு அவிழவில்லை.

*

கோபிப் பக்கம் வாழையை வாட்டும் பூஞ்சையைத்
தட்டு முழுக்கப் பரப்பி
மேலே ஒரு சொட்டு வைத்தேன்.
இரண்டாம் நாள் காலை, கரண்டு போய் வந்த பிறகு,
கதவைத் திறந்தால் வட்டம்.
நிலவு மாதிரி என்று எழுத வந்தது.
பத்தொன்பது மில்லிமீட்டர் என்று எழுதினேன்.

பாக்டீரியாவை அது தொடவில்லை.
வாழை வேரைத் தொடவில்லை.
மனித ரத்தத்தில் ஒரு சிவப்பணுகூட உடையவில்லை.
பூஞ்சைக்குப் பூஞ்சை மட்டும்தான்.
எங்கள் பக்கம் இதற்கு ஒரு வார்த்தை உண்டு.
ஆய்வேட்டில் எழுத முடியாத வார்த்தை.

சுவரைத் துளைத்து நுழைவதில்லை இது.
எதிராளியே ஏதோ நம்மது என்று
உள்ளே இழுத்துக்கொள்கிறான்.
பிறகுதான் எல்லாம்.

*

பூபதி கூப்பிட்டான்.
"வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்கக்கா.
ஊத்தெடுத்து கெணறு பாதிக்கு வந்துருச்சு.
முறை தப்பி அவங்க ராத்திரியே மோட்டார் போட்டுட்டாங்க.
பங்காளிகிட்ட வேற என்னத்தக் கண்டோம்!"

"நம்ம முறையில எத்தன மணிநேரம் ஓடுச்சு?" என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அதெல்லாம் யாரு எண்றா?"

அன்றைக்கு ராத்திரி
யாரும் சொல்லாத ஒரு தட்டுப் போட்டேன்.
கட்டிலிருந்து வந்த அந்தச் சாம்பலையே பரப்பி
அதன் புரதத்தையே
அளவைக் கூட்டி அதன் மேல் வைத்தேன்.

மங்கலாக, விளிம்பு கலைந்து,
ஆனாலும் வட்டம்தான்.

கைடு "திரும்பச் செய்" என்றார்.
செய்தேன். மூன்று தடவை.
மூன்றிலும் அது தன்னைத்தானே
கொஞ்சம் சுட்டுக்கொண்டது.
செத்துப்போகவில்லை.
ஓரத்தில் ஒதுங்கி, மெதுவாய், மறுபடி இழை விட்டது.

*

வித்து வங்கிக்கு அனுப்பப் படிவம் வந்திருக்கிறது.
இனத்தின் பெயர்: இன்னும் தெரியவில்லை.
அடையாள எண்: வழக்கு எண்ணையே போட்டுவிட்டேன்.
எதிலிருந்து எடுத்தது?
ஈரக் காகிதம், பவானி.

கீழே இன்னொரு கட்டம்,
உரிமையாளர் யார் என்று.

வெள்ளியங்கிரி விளக்கை அணைக்க நிற்கிறார்.
ஆட்டுக்கருவி ஆடிக்கொண்டிருக்கிறது.
அந்தக் கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.