ஐந்நூற்றைம்பது வாட்

ஹட்டன் கடைக்காரர் கேட்டார்:
"கூலர் எது, தண்ணி ஓடுறதா?"
டிசம்பரில் எங்கள் காம்பராவில்
தேங்காயெண்ணெய் உருகவே பதினொரு மணியாகும்.
சும்மா வரும் விசிறி போதும் என்றேன்.

மிச்சக் காசுக்கு கிராபிக்ஸ் கார்ட் என்று
சசிரேகா சண்டை பிடித்தாள்.
நான் பவர் சப்ளையின் கட்சி.
பெக்டரியில் ரோலர் சுற்றத் தொடங்கினால்
எங்கள் பல்பு படும் பாடு
அவளுக்குத் தெரியாததா?

ரேம் எட்டு.
பக்கத்துத் துளை வெறுமை,
தீபாவளி முற்பணம் வரும்வரை.

கேசிங்குக்குக் காணவில்லை.
மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே கிடத்தி
முதல் தடவை உயிர் கொடுத்த இரவு,
ரோலர் ஓடியது.
பல்பு மங்கியது.
திரை அசையவில்லை.

சசிரேகா எதுவும் சொல்லவில்லை.
ஈரம் காயாத காலுறை இரண்டை
எடுத்து வந்து
பவர் சப்ளையின் சுடுமூச்சுக்கு நேரே
விரித்துவிட்டுப் போனாள்.