கூட்டுத் திணிவு

நீரை அளக்கவென்று இறக்கிய உருளை
முதல் மூன்று நாளும்
தன்னையே அளந்து காட்டியது.

பண்ணைப் பாலத்தில் ஒரு மதகு.
வத்து இழுக்கிற நேரம் பார்த்து
இரண்டு இரும்புச் சட்டங்களுக்கிடையில்
வில்லுகளில் கிடையாகத் தொங்கவிட்டோம்
ஒரு முழ அலுமினியக் குழாயை.
சட்டம் ஒட்டியது றெஜினோல்ட்,
நாவாந்துறையில் படகு எஞ்சின்களுக்கு ஒட்டுகிறவர்.
விகாரமானி ஒட்டியது நான்.
சின்னி விரல் நகத்தளவு. மேலே மெழுகு,
அதற்கு மேல் சைக்கிள் டியூப்.
உப்புத்தண்ணி அப்படியும் போனது.

குழாய் ஆடியது,
நீர் போகிற பக்கம் அல்ல, குறுக்கே.
"உது ஏன் மேலும் கீழும் துள்ளுது?"
மேலொன்று கீழொன்றாய்
சுழிப்புகள் கழன்று போவதைக் காட்டினேன்.
கலங்கல் தண்ணியில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.
எனக்கும்தான்.

திரையில் விசை
கணக்கைவிட மூன்று மடங்கு.
ஓரிரவு முழுக்கச் சந்தோசமாய் இருந்தேன்.
விடியப் பல்லுத் தீட்டும்போதுதான் உறைத்தது:
ஆடுகிற எதுவும்
தன் ஆட்டத்தின் பாரத்தையும்
சேர்த்தே சொல்லும்.

கொட்டடிப் பட்டறையில்,
தண்ணியில்லாமல்,
லொறி வைப்பர் மோட்டரில் கட்டி
அதே வீச்சத்தில் ஆட்டினேன், வெறுங்காற்றில்.
திணிவு, ஆர்முடுகல்,
ஒரு செக்கனுக்கு ஆயிரம் தரம்
கழித்தல், கழித்தல், கழித்தல்.
மிஞ்சியது நீர்.
கொஞ்சம்தான்.

பிறகு சோளகம் கிளம்பிய நாள்.
ஓட்டம் கூடியது, மீடிறன் கூடவில்லை.
சுழிப்புகள் தம் கணக்கை விட்டுக்
குழாயின் தாளத்துக்கு வந்துவிட்டன.
கூட்டுத் திணிவு மறைப் பெறுமானம் என்றது திரை.
வயர் மாறிவிட்டதோ?
சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில்.
திரும்ப எடுத்தேன். திரும்பவும் மறை.

"அப்ப தண்ணிக்குப் பாரமே இல்லையோ?"
"இருக்கு. இந்த வேகத்தில மட்டும்
அது குழாயின்ர பக்கம் நிக்குது."
"என்ர மச்சான்மாரும் அப்பிடித்தான்," என்றார்.
"வேகத்தைப் பொறுத்து."

பதினொன்று நாற்பதுக்கு நீர் நின்றது.
குழாய் நின்றது.
பூச்சியம் மட்டும் பூச்சியத்துக்கு வரவில்லை:
தசம் மூன்று நியூற்றன்.
றெஜினோல்ட் குனிந்து
குழாயில் ஏறியிருந்த நத்தை ஒன்றைக்
கிள்ளி எறிந்தார்.

தசம் ஒன்று.

டீசல் முடிகிறது என்று மேலிருந்து கத்தினார்கள்.
கொப்பியில் நேரம் எழுதினேன், நத்தையும் எழுதினேன்.
மிச்சத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.